மாப்பிள்ளையின் கண்ணாடிக் கூடு

மனித குலத்தில் பொறாமை என்ற குணம் அறவே இல்லாத ஒருவரைக் காட்டச் சொன்னால், அது நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பலமுறை சோதித்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அதே முடிவு வந்ததால் சொல்கிறேன். என் தங்கையின் கணவர் எல்லாவற்றிலும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோதுகூட நான் அவரை வாழ்த்தியபடியேதான் இருந்தேன். வாழ்த்தும்போது பல் நறநறவென்றது உண்மை. அது பல் சம்பந்தப்பட்ட விஷயம்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக உழைப்பவர்கள். எங்கள் பிழைப்பு டைட்டானியமும் அலுமினியமும். இரண்டையும் ஏறக்குறைய சரிபாதியாகச் சேர்த்து உருக்கினால் ஒரு விசித்திரமான பொருள் கிடைக்கும். சாதாரண உலோகத்தில் அணுக்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் போல. இடித்தால் நகர்ந்து கொடுக்கும். இதில் அணுக்கள் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கின்றன. டைட்டானியத்துக்கு ஒரு வரிசை, அலுமினியத்துக்கு அடுத்த வரிசை, அவரவர் நம்பரில் அவரவர். அந்த ஒழுங்கினால்தான் எடை குறைவாக இருந்தும் விமான எஞ்சினின் சூட்டில் தளராமல் நிற்கிறது. அதே ஒழுங்கினால்தான், ஆறிய பிறகு பிடித்து இழுத்தால், ஒருவரும் இடம் மாற மனமில்லாமல் மொத்தமும் பொட்டென்று முறிகிறது. வலுவும் குறையக் கூடாது, முறிவதற்கு முன் துளியாவது நீண்டும் கொடுக்க வேண்டும். அதைச் சாதிப்பதுதான் எங்கள் வேலை.

அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கலவையை மாற்றுவது. கொஞ்சம் நியோபியம், சிட்டிகை போரான் என்று சேர்த்துப் பார்ப்பது. மற்றது, உள்ளமைப்பை மாற்றுவது. கட்டியைத் திரும்பச் சூடாக்கி, குறிப்பிட்ட வேகத்தில் ஆறவிட்டால் உள்ளே புத்தகத் தாள்கள் மாதிரி மெல்லிய அடுக்குகள் உண்டாகும். தாள் மெலிய மெலிய வலு கூடும். நான் கலவைக் கட்சி. எதுவாக இருந்தாலும் உருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது, மற்றதெல்லாம் ஒப்பனை என்று முதல் வருடமே அறிவித்துவிட்டேன். இப்படி அடிக்கடி அறிவிப்பதால் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ‘அறிக்கை’ என்று பெயர். மாப்பிள்ளை உள்ளமைப்புக் கட்சி. அவர் எதையும் அறிவிப்பதில்லை. அதுவே ஒருவகைத் திமிர்.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்ததே நான்தான். ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு வருடம் இளையவர். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னை ‘சார்’ என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்த பிள்ளை. விடுதிச் சாப்பாட்டில் வாடுகிறானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்துவந்தேன். என் தங்கை கதவைத் திறந்தாள். திறந்த கதவை அவள் பிறகு மூடவே இல்லை. கல்யாணத்தன்று காலை வரைக்கும் அவன் எனக்கு ‘டேய்’. மதியத்துக்குள் ‘வாங்க மாப்பிள்ளை’. அவ்வப்போது ‘டேய்’ நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போவதை நானே உணர்வேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மின்விசிறி அவர் பக்கம் சுற்றுகிறது. அம்மா அவர் தட்டைப் பார்த்தபடியே எனக்குப் பரிமாறுவாள். அதனால் எனக்கு மேஜைமேல் பரிமாறப்படும்.

இந்த நிலையில்தான் மேடம் குண்டைப் போட்டார். மேடம் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர். அதிகம் பேசமாட்டார், பேசினால் யாராவது ஒருவர் அன்றைக்குச் சாப்பிடமாட்டார்.

“எஞ்சின் கம்பெனிக்காரங்க ஒரு டர்பைன் இறக்கை வார்த்துப் பார்க்கப்போறாங்க. நம்ம கூடத்துலேர்ந்து ஒரு கலவைதான் எடுத்துப்பாங்க. யாரோட துண்டு இழுவை இயந்திரத்துல நல்லா நிக்குதோ, அவங்க ஆறு மாசம் அங்க போய் வேலை பார்க்கலாம். அப்புறம் அங்கேயே வெச்சுக்குவாங்கன்னு நினைக்கிறேன்.”

ஒருவர்தான். கூடத்தில் இந்தக் கலவையைத் தொடுபவர்கள் இரண்டே பேர். ஒருவர் நான். மற்றவர் என் வீட்டு மின்விசிறியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்.

இங்கே எங்கள் உலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஒரு பெரிய குக்கர் அளவு எஃகு அறை. உள்ளே தண்ணீர் ஓடிக் குளிரும் செம்புத் தட்டு, அதில் குழிகள். குழியில் உலோகத் துணுக்குகளைப் போட்டு, காற்றை முழுக்க வெளியே இழுத்து, ஆர்கான் வாயுவை நிரப்பி, மேலிருந்து மின்பொறியை இறக்கினால் நிமிடத்தில் உருகிப் பளபளவென்று ஒரு கட்டியாகும். எவ்வளவு இழுத்தாலும் கொஞ்சம் காற்று உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். சூடான டைட்டானியம் ஆக்ஸிஜனைக் கண்டால் விடாது, விழுங்கிவிடும். விழுங்கிய கலவை கல்லாக இறுகி, கண்ணாடி போல உடையும். அதனால் நடுக்குழியில் வெறும் டைட்டானியக் கட்டி ஒன்றை வைத்து, அதை முதலில் உருக்குவார்கள். மிச்சமிருக்கும் கெட்ட காற்றையெல்லாம் அது குடித்துவிடும். பிறகுதான் நம் கலவை. அந்தக் கட்டிக்குக் ‘கெட்டர்’ என்று பெயர்.

இது பயந்தவர்களின் சடங்கு என்பது என் கருத்து. நடுக்குழியில் கறுத்துப்போன ஒரு பொதுக் கெட்டர் பல காலமாகக் கிடந்தது. நான் அதைத் தொட்டதில்லை. நேராகக் கலவைக்கே போய்விடுவேன். மாப்பிள்ளையோ அதற்கென்றே தனியாக நேரம் ஒதுக்குவார். நான் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்தேன்.

“என்ன மாப்பிள்ளை, மாமியாருக்கு முதல் மரியாதை முடிஞ்சுதா?” என்றேன் ஒருநாள்.

“முடிஞ்சுது மச்சான்.” உலையின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்தார். “இன்னிக்கு வேண்டாம்.”

“ஏன்?”

“கட்டி மேல நீலம் ஓடுது. உள்ள காற்று இருக்கு. திரும்ப இழுக்கணும்.”

“மாமியார் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் வேலையே தொடங்குவீங்களா?”

“மச்சான், என் மாமியார் உங்க அம்மா.”

பக்கத்து மேஜையில் துண்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்த இழுவை அக்கா தும்முவது போலச் சிரித்தார். துண்டுகளை முறியும்வரை இழுத்துப் பார்க்கும் இழுவை இயந்திரத்தை ஓட்டுபவர் அவர்தான். எந்த ஆய்வாளரின் எந்தத் துண்டு எப்போது முறிந்தது என்பது அவருக்கு மனப்பாடம். நமக்கு மறந்துபோனாலும் ஞாபகப்படுத்துவார்.

ஒத்திகைச் சோதனை வந்தது. என்னுடைய கலவையில் நியோபியம், டங்ஸ்டன், போரான், கார்பன் எல்லாம் இருந்தன. கடினத்தை அளக்கும் ஊசியை இறக்கியபோது தடமே பதிய மறுத்தது. கூடத்திலேயே மிகக் கடினமான பொருள் என்னுடையது என்று அங்கேயே அறிவித்தேன். பிறகு அக்கா அதை இழுவை இயந்திரத்தில் மாட்டினார். டிக். அவ்வளவுதான். திரையில் கோடு கொஞ்சம் ஏறி, யோசித்துப் பார்த்து, நின்றுவிட்டது.

“கடினம்தான்,” என்றார் அக்கா. “என் மாமனாரும் இப்படித்தான்.”

அடுத்து மாப்பிள்ளையின் துண்டு. கோடு ஏறியது. ஏறி, லேசாகச் சாய்ந்தது. சாய்ந்தது என்றால் துண்டு நீள்கிறது என்று அர்த்தம். நூற்றில் ஒன்றரைப் பங்கு நீண்ட பிறகுதான் முறிந்தது. எங்கள் உலகில் அது ரப்பர். வலுவும் என்னுடையதைவிட ரொம்பவே மேலே. மேடம் திரையைப் பார்த்து “ம்” என்றார். அந்த ‘ம்’முக்காக நான் நாலு வருடமாகக் காத்திருக்கிறேன். எனக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் ‘ஓ’.

நான் மனமாரக் கைகொடுத்தேன். பல் நறநறத்தது.

அன்று மாலை தங்கையிடம் சாவகாசமாகப் பேச்சுக் கொடுத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளை உன்கிட்ட வேலையப் பத்திப் பேசுவாரா? என்னத்தக் கலக்குறாரு, ஏது கலக்குறாருன்னு…”

“கலக்குறதெல்லாம் நீதாண்ணா. அவரு ஆறவைக்கிறதோட சரி.”

“சும்மா கேட்டேன்டி. அக்கறைல.”

“உன் அக்கறை எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல எனக்கு ரெண்டு சக்கர சைக்கிள் வாங்குனப்போ, காத்து சரியா இருக்கான்னு அக்கறையாப் பார்த்து ரெண்டு டயரையும் எறக்கிவிட்டவன்தானே நீ.”

அந்த விவகாரத்தில் இருதரப்பு வாதங்கள் உண்டு. இங்கே அது தேவையில்லை.

மறுநாள்தான் அதைப் பார்த்தேன். மாப்பிள்ளை உலையைத் திறந்தார். தன் கலவைக் கட்டியை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி தட்டில் வைத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு (என் கணிப்பில் அது திருட்டுப் பார்வை), இன்னொரு கட்டியை எடுத்தார். வெள்ளி மாதிரி மின்னியது. அதை மெல்லிய காகிதத்தில் சுற்றி, தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடி, மேஜை இழுப்பறையில் வைத்தார். கண்ணாடி எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். அப்படியிருக்க கூடு எதற்கு என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. இப்போது விளங்கிவிட்டது. அது தாய்க் கட்டி. ரகசியத்தை முதலில் ஒரு கட்டியில் சேர்த்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு கலவைக்கும் கொடுக்கிறார். உள்ளமைப்பு, ஆறவைத்தல் எல்லாம் கண்துடைப்பு. மனுஷன் உள்ளுக்குள் கலவைக் கட்சி!

எல்லோரும் டீக்குப் போனபோது எனக்கு மட்டும் டீ வேண்டாமென்று தோன்றியது. இழுப்பறை பூட்டப்படவில்லை. எவ்வளவு தந்திரம் பாருங்கள். பூட்டினால் சந்தேகம் வரும் என்று பூட்டாமல் விட்டிருக்கிறார். கட்டியை எடுத்து, வைர ரம்பத்தில் ஒரு மூலையை மட்டும் சீவிக்கொண்டு, பழையபடி காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டேன். இதை ஆய்வு என்பார்கள்.

பகுப்பாய்வு முடிவு வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முழுக்க டைட்டானியம். அலுமினியம் மருந்துக்கும் இல்லை. கூடவே ஆக்ஸிஜன். ஏராளமான ஆக்ஸிஜன். கொஞ்சம் நைட்ரஜனும். உலகம் முழுக்க எந்த ஆக்ஸிஜனைக் கண்டு ஓடுகிறதோ, அதை மாப்பிள்ளை நடுவீட்டில் உட்காரவைத்து விருந்து போடுகிறார்! எதிரியை அளவோடு உள்ளே விட்டு வலுவைக் கூட்டுகிறார். எவ்வளவு பெரிய யோசனை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தபோது பல் நறநறத்தது. அதற்குப் பெயர் வியப்பு.

அவரைவிட ஒரு படி மேலே போனேன். என் கலவையில் டைட்டானியம் ஆக்ஸைடு பொடியையே நேராகப் போட்டு உருக்கினேன். வந்த கட்டியின் கடினத்தை அளந்தேன். அளக்கும் ஊசியின் முனையே தேய்ந்திருக்குமோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு இருந்தது. அன்று வீட்டில் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

“மாப்பிள்ளைக்குக் காத்து வரலடா,” என்றாள் அம்மா.

“பழகிக்கட்டும்மா. இனிமே அப்படித்தான்.”

சோதனை நாள். மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கம்பெனிக்காரர் ஒருவர் கழுத்தில் அட்டையோடு வந்திருந்தார். முதலில் என்னுடையது. எதிர்காலத்தில் இந்தத் துறையின் வரலாறு இன்றைக்கு முன், இன்றைக்குப் பின் என்று பிரிக்கப்படும் என்ற பொருளில் இரண்டு வாக்கியம் பேசினேன்.

இழுவை அக்கா துண்டை எடுத்தார். மேல் பிடியில் ஒரு முனையைச் செருகி முடுக்கினார். கீழ்ப் பிடியில் மறுமுனையைச் செருகி முடுக்க ஆரம்பித்தார்.

டிக்.

“அக்கா, பார்த்து!”

“நான் இன்னும் இழுக்கவே ஆரம்பிக்கலைப்பா,” என்றார் அக்கா. கையில் பாதித் துண்டு. “பிடிச்சதுக்கே போயிடுச்சு.”

மற்ற துண்டுகளும் அப்படியே. ஒன்று மட்டும் இழுக்கும்வரை தாங்கியது. இயந்திரம் உறுமியதும் முறிந்தது. கம்பெனிக்காரர் தன் கழுத்து அட்டையைப் படிக்க ஆரம்பித்தார்.

மேடம் மெதுவாகக் கேட்டார். “இதுல என்ன போட்ட?”

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் மாப்பிள்ளை இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். எதை வேண்டுமானாலும் தாங்கலாம், அதை மட்டும் முடியாது.

“ஆக்ஸிஜன் மேடம்! மாப்பிள்ளையும் அதைத்தான் போடுறாரு. அவருக்கு மட்டும் எப்படி நீளுதுன்னு அவரையே கேளுங்க. தாய்க் கட்டி செஞ்சு ஒளிச்சு வெச்சிருக்காரு. என்கிட்ட ஆதாரம் இருக்கு!” பகுப்பாய்வுத் தாளை மேடம் முன்னால் வைத்தேன்.

மேடம் படித்தார். மாப்பிள்ளையிடம் நீட்டினார். மாப்பிள்ளையும் படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துவந்தார். காகிதத்தைப் பிரித்தார். மூலை சீவப்பட்ட வெள்ளிக் கட்டி.

“இதுவா மச்சான்?”

“இதேதான்.”

“மச்சான்…” குரலைத் தாழ்த்தினார். “இது கெட்டர்.”

கம்பெனிக்காரர் மறுபடியும் தன் கழுத்து அட்டையைப் படித்தார்.

“உலைல கெடந்தது கறுத்துப்போச்சுன்னு நான் தனியா ஒண்ணு வெச்சிருக்கேன். கை அழுக்கு படக்கூடாதுன்னு கூட்டுக்குள்ள. ஆக்ஸிஜனைக் குடிக்கிறதுதானே இதோட வேலை? அதான் உள்ள அவ்வளவு இருக்கு.” மூலையை விரலால் தடவிப் பார்த்தார். “கொஞ்ச நாளா மூலையக் காணோமேன்னு பார்த்தேன். எலின்னு நினைச்சேன்.”

“டைட்டானியம் தின்னுற எலி,” என்றார் இழுவை அக்கா, யாரிடமும் இல்லாமல்.

அதாவது, அவர் கலவைக்குள் போகாமல் தடுத்து வைத்த குப்பையை நான் அளந்து, வியந்து, என் கலவையில் அள்ளிப் போட்டிருக்கிறேன். இதை இவ்வளவு தெளிவாக மேடமும் சொல்லவில்லை. “ஓ” என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளையின் துண்டு வழக்கம்போல ஏறி, சாய்ந்து, நீண்டு, நிதானமாக முறிந்தது. கம்பெனிக்காரர் கைகுலுக்கினார். எல்லோரும் போன பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டார். திட்டுவதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு போனேன்.

“உன்னோட முதல் கலவை, நியோபியம் போட்டது, மோசமில்ல. அவனோடதவிட அதிக சூடு தாங்கும். ஆனா நீ அதை ஒரு தடவையாவது சுத்தமா உருக்கியிருக்கியா? அவன் பண்ற மாதிரி ஆறவெச்சுப் பார்த்தியா? ஆறு மாசம் கழிச்சு கம்பெனி ரெண்டாவது கலவை கேட்கும். அதுக்குள்ள ஏதாவது வெச்சிருந்தா காட்டு. இல்லைன்னா தலைப்பை மாத்திக்க.”

மாப்பிள்ளை கம்பெனி ஊருக்குக் கிளம்பிய அன்று வீட்டில் ஒரே பரபரப்பு. தங்கை பெட்டி கட்டினாள். அம்மா ரயிலே கொள்ளாத அளவுக்குச் சாப்பாடு கட்டினாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போனேன். சோதனை நாளில் நடந்ததைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தைகூட மூச்சுவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். தங்கைக்குத் தெரிந்திருந்தால் அதைச் சைக்கிள் கதையோடு சேர்த்திருப்பாள். ஒரு மனிதன் இவ்வளவு நல்லவனாக இருப்பதில் ஒரு அராஜகம் இருக்கிறது.

“மச்சான், ஒண்ணு சொல்லவா?” ரயில் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“சொல்லுங்க.”

“அந்த நியோபியம் கலவை மட்டும் என் கைல இருந்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன். எனக்கு அப்படியெல்லாம் தோணவே மாட்டேங்குது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.”

ரயில் நகர்ந்துவிட்டது. கையசைத்தேன். வயிற்றெரிச்சல் என்பதை ஒருவர் இவ்வளவு பளிச்சென்று சொல்லலாம் என்பதே எனக்குப் புதிய தகவல். எனக்கு அந்த அனுபவம் இல்லாததால் அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை. வீடு வரும்வரை யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மதிய வேளை. எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். உலையைத் திறந்து, கறுத்துப்போன பழைய கட்டியைத் தூக்கி எறிந்தேன். புதிதாக ஒரு டைட்டானியத் துண்டை அமிலத்தில் கழுவி, இடுக்கியால் எடுத்து நடுக்குழியில் வைத்தேன். பக்கத்துக் குழியில் என் நியோபியம் கலவை. காற்றை இழுத்தேன். ஆர்கானை விட்டேன். முதல் பொறியைக் கலவையில் இறக்கவில்லை. அது உருகி, ஆறி, அடங்கும்வரை சின்னக் கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன்.

ஓரத்தில் மெல்லிய நீலம்.

சுவிட்சை அணைத்தேன். பின்னால் செருப்புச் சத்தம்.

“என்னப்பா, உருக்கலையா?” மேடம்.

“இன்னிக்கு வேண்டாம் மேடம்,” என்றேன். “கரண்ட் சரியில்ல.”

மேடம் எரியும் விளக்குகளையும், சுற்றும் விசிறியையும், கடைசியாக என்னையும் பார்த்தார்.

“ம்,” என்றார். போய்விட்டார்.

திரும்பக் காற்றை இழுத்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. பொறியை இறக்கினேன். கட்டி உருகி, நடுங்கி, ஆறியது, வெள்ளியாக மின்னியது. அப்புறம்தான் கலவையின் பக்கம் போனேன். எல்லாம் முடிந்த பிறகு மெல்லிய காகிதம் ஒன்றைக் கிழித்து, கட்டியைச் சுற்றினேன்.

எனக்குப் பார்வையில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும் வழியில், கண்ணாடிக் கடையில் ஏறி, கூடு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன்.